தண்ணி கட்டின நெல் வயல்ல பசுமைக்குடில் வாயு அளக்குறது: திரும்பத் திரும்ப வர்ற கேள்விகள்

நெல் வயல்ல கேஸ் அளக்குறோம்னு சொன்னாலே வர்ற கேள்விங்க கிட்டத்தட்ட ஒரே செட்டுதான். புதுசா ஆராய்ச்சிக்கு சேர்ற பசங்க, கார்பன் ப்ராஜெக்ட் பண்றவங்க, வரப்புல நின்னு வேடிக்கை பாக்குற விவசாயிங்க, யார் கேட்டாலும் சுத்தி சுத்தி அதே இடத்துக்குதான் வருது. அதனால கேட்டவங்க கேட்ட மாதிரியே போட்டு எழுதி வச்சிட்டேன். மேல இருந்து வரிசையா படிங்க, ஒரு தடவை சொன்னத பின்னாடி திரும்ப சொல்லல.

வயல்ல இருந்து கேஸ் வருதுங்கிறீங்க, ஒன்னும் தெரியலையே சார், எங்க இருந்து வருது?

தண்ணி நின்னா மண்ணுக்குள்ள காத்து போகாது. உள்ள இருக்கிற ஆக்சிஜன் கொஞ்ச நேரத்துலயே தீர்ந்துடும். அப்புறம் நுண்ணுயிருங்க மூச்சு விடறதுக்கு வேற எதையாவது பிடிக்கும், முதல்ல நைட்ரேட், அப்புறம் மாங்கனீஸ், இரும்பு, சல்பேட். இதெல்லாம் முடிஞ்சப்புறம்தான் மீத்தேன் உண்டாக்குற ஆர்க்கியாவோட (பாக்டீரியா மாதிரியே, ஆனா தனி இனமான நுண்ணுயிர்) முறை வரும். பழைய நெல் தாள், வேர்ல இருந்து கசியுற சர்க்கரை, தொழுவுரம், இதெல்லாம் மத்த நுண்ணுயிர் மக்க வச்சு அசிட்டேட்டாவும் ஹைட்ரஜனாவும் மாத்திக் கொடுக்க, இதுங்க அதுல இருந்து மீத்தேன் பண்ணும். தண்ணி கட்டின அன்னிக்கே மீத்தேன் பொங்காம சில நாள், சில மண்ணுல சில வாரம் தள்ளி ஏறுறதுக்கு இந்த வரிசைதான் காரணம்.

வெளிய வர்றதுக்கு மூணு வழி. தண்ணி வழியா மெதுவா ஊறி வர்றது, ரொம்பக் கம்மி. குமிழியா வெடிச்சு வர்றது. மூணாவது நெல் செடியே. வேருக்கு ஆக்சிஜன் கொண்டு போறதுக்காக செடிக்குள்ள காத்து ஓடுற திசு இருக்கு, ஏரன்கைமான்னு பேரு, அதே வழியில மீத்தேன் மேல ஏறி வந்துடும். பயிர் நல்லா வளர்ந்த காலத்துல வெளிய வர்ற மீத்தேன்ல பெரும்பகுதி, பல ஆய்வுல 90 சதவீதம் வரைக்கும், செடி வழியாதான். இத மனசுல வச்சுக்கோங்க, பெட்டி எங்க வைக்கணும்ங்கிற கேள்விக்கு பதிலே இதுலதான் இருக்கு.

மீத்தேன் மட்டும் அளந்தா போதாதா? எதுக்கு நைட்ரஸ் ஆக்சைடு, கார்பன் டை ஆக்சைடுன்னு இழுக்குறீங்க?

தண்ணி நிக்கிற வரைக்கும் மீத்தேன்தான் ராஜா. ஆனா தண்ணிய வடிச்சு வயல் காய ஆரம்பிச்சதும், அதுவும் யூரியா போட்ட சூட்டோட காய்ஞ்சா, நைட்ரஸ் ஆக்சைடு கிளம்பும். ஐபிசிசி (ஐ.நா.வோட பருவநிலை மாற்றக் குழு) ஆறாவது அறிக்கைப்படி 100 வருஷக் கணக்குல ஒரு கிலோ நைட்ரஸ் ஆக்சைடு 273 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்கு சமம், உயிரியல் வழி மீத்தேன் 27. அதனால கொஞ்சூண்டு வந்தாலும் கணக்குல ஏறும். மீத்தேன் குறைக்கிறேன்னு தண்ணிய மாத்துற எந்த சோதனையிலயும் ரெண்டையும் சேர்த்து அளக்கலைன்னா பாதிக் கதைதான் சொன்ன மாதிரி.

கார்பன் டை ஆக்சைடு கொஞ்சம் வேற விஷயம். பயிர் பகல்ல இழுக்கும், ராத்திரி விடும், அறுவடைக்கப்புறம் அந்தக் கார்பன்ல பெரும்பகுதி எப்படியும் காத்துக்கே திரும்பிடும். அத தனியா ஒரு கேள்வில கீழ சொல்றேன்.

கேஸ எப்படிங்க பிடிக்கிறது? அந்தப் பெட்டிக்குள்ள என்னதான் இருக்கு?

உண்மையிலேயே சாதாரணப் பெட்டிதான். அடியில திறந்த, அக்ரிலிக்லயோ மெல்லிசான பிவிசிலயோ பண்ணின பெட்டி. நடவு சமயத்துலயே மண்ணுக்குள்ள ஒரு அடிச்சட்டம் இறக்கி வச்சிடுவோம், அது சீசன் முழுக்க அங்கயே இருக்கும். சட்டத்தோட விளிம்புல ஒரு பள்ளம் இருக்கும், அதுல தண்ணி ஊத்தி மேல பெட்டிய வச்சா தண்ணியே சீல் ஆயிடும். உள்ள காத்த கலக்க பேட்டரில ஓடுற சின்ன ஃபேன், ஒரு தெர்மாமீட்டர், அழுத்தம் சமமாக ஒரு மெல்லிய ட்யூப், சிரிஞ்ச் சொருக ஒரு ரப்பர் அடைப்பான். அவ்வளவுதான். மூடி வச்சதும் உள்ள மீத்தேன் ஏற ஆரம்பிக்கும், எவ்வளவு வேகமா ஏறுதுங்கிறதுதான் நமக்கு வேணும்.

பெட்டிய விட முக்கியமானது பலகை. வரப்புல இருந்து பெட்டி வரைக்கும் நடக்க ஒரு மரப்பலகைப் பாதை போடாம யாரும் ஆரம்பிக்காதீங்க. சேத்துல கால வச்சா மண்ணுல மாட்டியிருக்கிற குமிழி பூரா புளுபுளுன்னு வெளிய வரும், நீங்க அளக்குறது வயலோட ஃப்ளக்ஸ் (ஒரு சதுர மீட்டர்ல இருந்து ஒரு மணிக்கு வெளிய வர்ற கேஸ் அளவு) இல்ல, உங்க காலோட எடை.

செடி மேல வைக்கணுமா, செடிக்கு நடுவுல வெறும் தண்ணி மேல வைக்கணுமா?

செடிய உள்ள விட்டுத்தான். முதல் பதில்ல சொன்ன மாதிரி மீத்தேனுக்கு செடிதான் மெயின் ரோடு, வெறும் தண்ணி மேல வச்சா பெரும்பகுதிய விட்டுட்டீங்க. ரெண்டு நாத்துக் குத்துக்குக் குறையாம உள்ள வரணும், அதோட பெட்டிக்குள்ள இருக்கிற குத்து அடர்த்தியும் வெளிய வயல்ல இருக்கிற அடர்த்தியும் ஒன்னா இருக்கணும். பயிர் வளர வளர பெட்டி உயரமும் ஏறணும், செடிய மடிச்சு உள்ள திணிக்கக் கூடாது. மேல மேல அடுக்குற மாதிரி ரெண்டு துண்டா பண்ணிக்கிட்டா தூக்குறதும் ஈசி.

எவ்வளவு நேரம் மூடணும்? ஒரு மணி நேரம் வச்சா நல்லா தெளிவா தெரியாதா?

தெரியாது, கெட்டுப் போகும். வெயில்ல மூடின பெட்டிக்குள்ள சூடு சரசரன்னு ஏறும், செடி வாடும், உள்ள மீத்தேன் செறிவு கூடக்கூட மண்ணுல இருந்து வர்ற வேகமும் குறையும். சிரிஞ்ச் முறைக்கு 20 முதல் 30 நிமிஷம் போதும், 0, 10, 20, 30 நிமிஷத்துல நாலு சாம்பிள். மூனு எடுத்தா ஒன்னு கெட்டுப்போனா மிச்ச ரெண்டுல போடுற கோட்டை நம்ப முடியாது, அதனால நாலு.

இப்ப வர்ற லேசர் அனலைசர்ங்க ஒவ்வொரு செகண்டும் அளந்து காட்டும், அது கையில இருந்தா மூனு நாலு நிமிஷமே தாராளம். வாங்குற வசதி இருந்தா வாங்குங்க, ஆனா மெஷின் நல்லா இருந்தா நம்பரும் நல்லா இருக்கும்னு நினைக்காதீங்க. இந்த வேலைல நம்பர் கெடறது பெரும்பாலும் லேப்ல இல்ல, சேத்துல.

சிரிஞ்ச்ல எடுத்த கேஸ் லேப் போறதுக்குள்ள லீக் ஆயிடாதா?

சிரிஞ்ச்லயே வச்சிருந்தா ஆகும். எடுத்த உடனே காத்து உறிஞ்சி வெற்றிடமாக்கின கண்ணாடி வயல்ல ஏத்திடணும் (நெல் வயல் இல்ல, மருந்துக் குப்பி மாதிரி சின்ன பாட்டில்). 12 மில்லி குப்பியில 20 மில்லி ஏத்துங்க, உள்ள அழுத்தம் கூடவே இருக்கும், அப்போ லீக் ஆனாலும் வெளிக்காத்து உள்ள வராது, அழுத்தம் குறைஞ்சிருக்கறத வச்சு எது லீக்குன்னும் கண்டுபிடிச்சிடலாம். எடுக்கறதுக்கு முன்னாடி சிரிஞ்ச ரெண்டு மூனு தடவை பெட்டிக் காத்துலயே இழுத்து விட்டு கழுவிக்கணும்.

அப்புறம் கேஸ் குரோமட்டோகிராஃப்ல (கலந்த கேஸ தனித்தனியா பிரிச்சு அளக்குற மெஷின்) போடுவாங்க, மீத்தேனுக்கு எஃப்ஐடி, நைட்ரஸ் ஆக்சைடுக்கு இசிடி டிடெக்டர். செறிவு முன்னாடியே தெரிஞ்ச ஸ்டாண்டர்ட் கேஸ ரெண்டு மூனு குப்பியில அடைச்சு வயலுக்குக் கொண்டு போய், மத்த குப்பியோட சேர்த்தே திரும்பக் கொண்டு வந்து ஓட்டிப் பாருங்க. வழியில என்ன ஆச்சுன்னு அது சொல்லிடும்.

பிபிஎம்ல வர்றத கிலோவா மாத்துறது எப்படின்னு ஒரு தடவை போட்டுக் காட்டுங்களேன்

நாலு சாம்பிள் 2, 4, 6, 8 பிபிஎம்னு (பத்து லட்சத்துல இத்தனை பங்கு) வந்துச்சுன்னு வைங்க. அதாவது நிமிஷத்துக்கு 0.2, மணிக்கு 12 பிபிஎம் ஏறுது. ஒரு கன மீட்டர் காத்துல ஒரு பிபிஎம் மீத்தேன்னா ஒரு மில்லி. அது ஜீரோ டிகிரில 0.714 மில்லிகிராம், பெட்டிக்குள்ள 30 டிகிரின்னா 273-ஐ 303-ஆல வகுத்துப் பெருக்கணும், 0.643 ஆயிடும். பெட்டிக்குள்ள காத்து நிக்கிற உயரம் 0.8 மீட்டர். 12 இன்ட்டு 0.643 இன்ட்டு 0.8, கிட்டத்தட்ட 6.2 மில்லிகிராம், ஒரு சதுர மீட்டருக்கு ஒரு மணிக்கு. 24-ஆல பெருக்கினா 148 மில்லிகிராம், ஹெக்டேருக்கு மாத்தினா ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1.5 கிலோ.

இதுல நிறைய பேர் வெப்பநிலைக்கு ரொம்பக் கவலைப்படுவாங்க, 30-க்கு பதிலா 40 டிகிரின்னு போட்டாலும் வித்தியாசம் மூனு சதவீதம் சொச்சம்தான். ஆனா உயரத்தை மண்ணுல இருந்து அளந்து, நடுவுல 8 சென்டிமீட்டர் தண்ணி நிக்கிறத மறந்துட்டா நேரா பத்து சதவீதம் போச்சு. ஒவ்வொரு தடவையும் பெட்டி உள்ள தண்ணி மட்டத்துல இருந்து கூரை வரைக்கும் ஸ்கேல் வச்சுப் பாத்து எழுதுங்க, முந்தின வாரத்து நம்பரக் காப்பி அடிக்காதீங்க.

எந்த நேரத்துல அளக்கணும்? ராத்திரியும் போகணுமா அண்ணே?

மண்ணு சூடு ஏற ஏற மீத்தேன் ஏறும், விடியறதுக்கு முன்னாடி கம்மியாவும் மத்தியானத்துக்கு மேல உச்சத்துலயும் இருக்கும். முற்பகல் கடைசியில, பத்து மணி வாக்குல அளந்தா அந்த நாளோட சராசரிக்குப் பக்கத்துல வரும். ஜப்பானோட தேசிய வேளாண் சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனம் 2015-ல வெளியிட்ட கைப்பெட்டி வழிகாட்டியும் இதையேதான் சொல்லுது. மேல நான் 24-ஆல சும்மா பெருக்கினேனே, அதுக்குப் பின்னாடி இருக்கிற நம்பிக்கை இதுதான். மத்தியானம் ரெண்டு மணிக்குப் போய் அளந்துட்டு 24-ஆல பெருக்கினா நம்பர் ஊதிப் போயிருக்கும்.

ராத்திரி தினமும் வேண்டாம். ஆனா சீசன்ல ஓரிரு தடவையாவது, பயிர் வெவ்வேறு வயசுல இருக்கும்போது, 24 மணி நேரமும் சில மணிக்கு ஒரு தடவை அளந்து பாத்துடுங்க, பத்து மணி கணக்கு உங்க வயலுக்குப் பொருந்துதான்னு தெரிஞ்சிடும்.

வாரம் ஒரு தடவை போனா போதும்ல?

தண்ணி மாறாம நிக்கிற காலத்துல போதும். மீத்தேன் மெதுவா ஏறி மெதுவா இறங்கும், ரெண்டு அளவுக்கு நடுவுல நேர்க்கோடு போட்டு பரப்பைக் கூட்டிக்கலாம். பிரச்சனை எங்கன்னா தண்ணி வடிக்கிற நாளுங்க. தண்ணி இறங்கி மண்ணு வாய் திறக்கும்போது உள்ள மாட்டியிருந்த மீத்தேன் ஒரு ரெண்டு மூனு நாள்ல குபுக்குன்னு வரும், அப்புறம்தான் சரிஞ்சு விழும். நைட்ரஸ் ஆக்சைடு அதைவிட மோசம், உரம் போட்டப்புறமோ வயல் காயும்போது நடுவுல மழை பெய்ஞ்சப்புறமோ சில நாள் மட்டும் ஊசி மாதிரி எழும்பி காணாமப் போயிடும். திங்கக்கிழமை மட்டும்தான் போவேன்னு பிடிவாதமா இருந்தா ஒன்னு அந்த ஊசிய முழுசா விட்டுடுவீங்க, இல்லைன்னா ஊசி மேலயே உக்காந்து அளந்துட்டு அத ஏழு நாளைக்கும் நீட்டிடுவீங்க. ரெண்டுமே தப்பு, ரெண்டும் எதிரெதிர் பக்கம்.

அதனால காலண்டரைப் பாத்துப் போகாம மடையப் பாத்துப் போங்க. தண்ணி வடிச்ச நாள்ல இருந்து திரும்பக் கட்டுற வரைக்கும், அதே மாதிரி உரம் போட்ட அடுத்த ஒரு வாரம், ஒரு நாள் விட்டு ஒரு நாளாவது போகணும். அறுவடைக்கு முன்னாடி கடைசியா தண்ணி வடிக்கிறதும் இதுல சேர்த்தி, எல்லாரும் களைச்சுப் போய் விட்டுடுற இடம் அதுதான்.

நாலு பாயிண்ட்ல ஒன்னு எகிறி நிக்குது, தூக்கிடலாமா? ஆர் ஸ்கொயர் கம்மியா இருக்கு

எந்த பாயிண்ட்டுன்னு பாக்கணும். ஜீரோ நிமிஷ சாம்பிளே 15 பிபிஎம் இருக்குன்னா, வெளிக்காத்துல மீத்தேன் 2-க்குக் கொஞ்சம் கீழதானே, அப்போ பெட்டி வைக்கும்போதே குமிழி கிளம்பியிருக்கு, அந்த அளவு மொத்தமும் வேஸ்ட், திரும்ப எடுங்க. நடுவுல ஒரு பாயிண்ட்ல இருந்து படி ஏறின மாதிரி தாவி, அப்புறம் பழைய சரிவுலயே போகுதுன்னா ஒரு குமிழி வந்திருக்கு. யாரும் ஆடாம அசையாம இருந்தும் வந்துச்சுன்னா அது வயலோட நிஜமான ஃப்ளக்ஸ்ல ஒரு பங்கு, அத எறிஞ்சா குறைச்சு சொன்ன மாதிரி ஆயிடும். ஒரே ஒரு பாயிண்ட் மட்டும் கீழ விழுந்து அடுத்தது திரும்ப கோட்டுல வந்தா குப்பி லீக்.

ஆர் ஸ்கொயர்ங்கிறது பாயிண்ட்டுங்க நேர்க்கோட்டோட எவ்வளவு ஒட்டி நிக்குதுங்கிற அளவு, 1-ன்னா கச்சிதம். அது 0.9-க்குக் கீழன்னா கண்ண மூடிட்டு தூக்குறது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. ஃப்ளக்ஸ் ஜீரோ பக்கத்துல இருந்தா ஆர் ஸ்கொயர் கம்மியாதான் வரும், ஏறவே இல்லாத ஒன்னுக்கு எங்க இருந்து நேர்க்கோடு வரும்? அதையெல்லாம் தூக்கிட்டா மிச்சம் நிக்கிறது பூரா பெரிய நம்பர், சீசன் கணக்கு தானா ஊதிடும். மெஷினால கண்டுபிடிக்க முடிஞ்ச குறைஞ்சபட்ச ஃப்ளக்ஸ் எவ்வளவுன்னு முதல்ல கணக்கு போட்டு, அதுக்குள்ள இருக்கறத அப்படியே வச்சுக்கோங்க.

மைனஸ்ல வந்துருச்சு சார், மெஷின் கோளாறா?

காய்ஞ்ச வயல்ல மீத்தேன் லேசா மைனஸ்ல வரலாம், மீத்தேனைத் தின்னுற பாக்டீரியா மண்ணுல இருக்கு. தண்ணி நிக்கிற வயல்ல நைட்ரஸ் ஆக்சைடு லேசா மைனஸ் வரும், மண்ணு நுண்ணுயிர் அத நைட்ரஜனா மாத்தி முடிச்சிடுது. மைனஸ் எல்லாத்தையும் ஜீரோ ஆக்காதீங்க, ப்ளஸ் பக்க தவறு மட்டும் மிஞ்சி நிக்கும். ஆனா தண்ணி நிக்கிற, பயிர் நிக்கிற வயல்ல மீத்தேன் பெரிய மைனஸ்னா குப்பி வரிசை மாறியிருக்கு, லேபிளைப் பாருங்க.

அதே பெட்டில கார்பன் டை ஆக்சைடும் அளந்துடலாமே?

அளக்கலாம், ஆனா என்ன அளக்குறோம்னு தெரிஞ்சு அளக்கணும். வெளிச்சம் புகாத பெட்டின்னா ஒளிச்சேர்க்கை நின்னுடும், கிடைக்கிறது செடியும் மண்ணும் விடுற மூச்சு மட்டும். அத எடுத்து மீத்தேனோட கூட்டி வயல் இவ்வளவு வெளியிடுதுன்னு எழுதினா, செடி பகல்ல இழுத்தத மறைச்சுட்டு விட்டத மட்டும் எழுதின மாதிரி. கண்ணாடிப் பெட்டின்னா ஒளிச்சேர்க்கை நடக்கும், ஆனா சில நிமிஷத்துலயே உள்ள கார்பன் டை ஆக்சைடு குறைஞ்சு செடி பட்டினி கிடக்கும், அதனால நேரம் ரொம்பச் சுருக்கமா இருக்கணும். நீண்ட கால கார்பன் கணக்கு வேணும்னா பல வருஷம் இடைவெளி விட்டு மண் கார்பனையே எடுத்துப் பாக்குறது மேல்.

டவர் வச்சுட்டா இந்தச் சேத்து வேலையே இல்லையே?

டவர்ல சென்சார் மாட்டி அளக்குற எடி கோவேரியன்ஸ் முறைய சொல்றீங்க. செகண்டுக்கு 10 இல்ல 20 தடவை காத்தோட மேல் கீழ் வேகத்தையும் கேஸ் செறிவையும் சேர்த்து அளந்து, அரை மணிக்கு ஒரு ஃப்ளக்ஸ் கொடுக்கும். ராத்திரி பகல் விடாம ஓடும், செடிய மூடறது இல்ல, குமிழி தண்ணி வடிப்பு எல்லாத்தையும் தானா பிடிக்கும். முந்தி சொன்ன ஊசிப் பிரச்சனைக்கு மீத்தேனைப் பொறுத்தவரைக்கும் இதுதான் நல்ல மருந்து.

ஆனா டவர் பாக்குறது ஒரு பரந்த இடத்தை. சென்சார் மூனு மீட்டர் உயரத்துல இருந்தா காத்து வர்ற பக்கம் ஒரு சில நூறு மீட்டர் வரைக்கும் ஒரே மாதிரி வயல் வேணும். சின்னச் சின்ன துண்டு வயல்ல, ஒன்னுல தண்ணி, பக்கத்துல காய்ச்சல்னு இருந்தா காத்து திரும்பும்போதெல்லாம் வேற வேற வயலைத்தான் அளப்பீங்க. ராத்திரி காத்து அடங்கினா டேட்டா தூக்கணும், மழை பெய்ஞ்சா திறந்த சென்சார் குருடாயிடும், அந்த ஓட்டையெல்லாம் மாடல் வச்சு நிரப்பணும். வெப்பமும் ஈரமும் காத்தோட அடர்த்திய மாத்துறதுக்கு வெப், பியர்மன், லூனிங் 1980-ல கொடுத்த திருத்தத்தைப் போடலைன்னா திறந்த சென்சார் நம்பர் அர்த்தமே இல்லாம போகும். ரெண்டு உர முறைய ஒப்பிடணும்னா பெட்டி, ஒரு பெரிய வயலோட முழு சீசன் வேணும்னா டவர்.

சாட்டிலைட்ல பாத்துக்கலாமே, எதுக்கு இவ்வளவு கஷ்டம்?

2017-ல போன சென்டினல்-5பி சாட்டிலைட்ல இருக்கிற ட்ரோபோமி கருவி மீத்தேனைப் பாக்குது, ஆனா அதோட ஒரு புள்ளியே 5.5 இன்ட்டு 7 கிலோமீட்டர். ஒரு வயல் இல்ல, நூத்துக்கணக்கான வயல், அதுக்குள்ள இருக்கிற மாடு, குப்பைமேடு, சாக்கடை எல்லாம் சேர்ந்தது. அதுவும் மேகம் இருந்தா ஒன்னும் தெரியாது, நெல் வளர்றதே பெரும்பாலும் மழைக்காலத்துல. எங்க தண்ணி நிக்குது எப்ப வடிஞ்சதுன்னு சென்டினல்-1 ரேடார் வச்சு பாக்கலாம், அது உருப்படியான உதவி.

காய்ச்சலும் பாய்ச்சலுமா பண்ணா மீத்தேன் குறையும், ஆனா நைட்ரஸ் ஆக்சைடு கூடிடுமே, அப்புறம் என்ன லாபம்?

கணக்கு போட்டே பாத்துடலாம். ஐபிசிசி 2019 திருத்தத்துல உலக சராசரி ஹெக்டேருக்கு ஒரு நாளைக்கு 1.19 கிலோ மீத்தேன், பயிர்க்காலம் 113 நாள். தண்ணி விடாம நின்னா சீசனுக்கு ஏறக்குறைய 134 கிலோ. பல தடவை காயவிட்டா 0.55-ஆல பெருக்கச் சொல்லுது, அப்போ 74. மிச்சம் 60 கிலோ, 27-ஆல பெருக்கினா 1600 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்கு சமம். மறுபக்கம் ஹெக்டேருக்கு 100 கிலோ நைட்ரஜன் போட்டா, அதுல நைட்ரஸ் ஆக்சைடா போற பங்கு 0.3 சதவீதத்துல இருந்து 0.5 ஆகும். கூடுதல் 0.2 கிலோ நைட்ரஜன், நைட்ரஸ் ஆக்சைடா 0.31 கிலோ, 273-ஆல பெருக்கினா 86 கிலோ. 1600 எங்க, 86 எங்க.

சராசரி அப்படி. லாபம் முழுசா அழியணும்னா ஹெக்டேருக்கு ஆறு கிலோ நைட்ரஸ் ஆக்சைடு கூடணும். வெடிப்பு விடற அளவுக்குக் காயவிட்டு, உரத்தையும் தப்பான நேரத்துல கொட்டினா சில வயல்ல லாபத்துல நல்ல பங்கு போயிடலாம். சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் சொல்ற மாதிரி ஓட்டை போட்ட குழாய் பதிச்சு, மண்ணுக்குக் கீழ 15 சென்டிமீட்டர் வரைக்கும் மட்டும் தண்ணிய இறங்க விட்டா அந்த அளவுக்குப் போறது அபூர்வம். ஆனா உங்க வயல்ல போகலைன்னு சொல்றதுக்கு, மடையப் பாத்துப் போங்கன்னு சொன்னேனே, அந்த நாளுங்களோட அளவு கையில இருக்கணும்.

இப்படி ஐபிசிசி நம்பரே இருக்கும்போது நாம ஏன் அளக்கணும்?

நெல் வயல்ல நேரடியா முதல்ல அளந்து 1981-ல வெளியிட்டது கலிபோர்னியாவுல சிசரோனும் ஷெட்டரும், அப்புறம் ஸ்பெயின், இத்தாலின்னு போச்சு. அந்த மாதிரி சில இடத்து நம்பரை உலகம் பூரா நீட்டினப்போ இந்திய வயலுக்கு மட்டும் வருஷத்துக்கு 37.8 மில்லியன் டன்னுன்னு ஒரு அமெரிக்கக் கணக்கு வந்துச்சு. 1991-ல இந்திய விஞ்ஞானி ஏ.பி. மித்ரா தலைமையில இந்தியா பூரா வயல்ல இறங்கி அளந்தாங்க, வந்தது சுமார் 4 மில்லியன் டன். இப்ப இருக்கிற சராசரி அதைவிட எவ்வளவோ மேல்தான், நிறைய அளவீட்டுல இருந்து வந்தது. நாட்டுக் கணக்குக்கு அது ஓகே, உங்க வயலுக்கு அது ஒரு ஊகம்.

கார்பன் கிரெடிட்டுக்கு ஒவ்வொரு வயல்லயும் பெட்டி வைக்கணுமா?

வேண்டாம், யாராலயும் முடியாது. ஒரே மாதிரி மண், தண்ணி, உர முறை உள்ள வயலுங்கள ஒரு குழுவாப் பிரிச்சு, சில மாதிரி வயல்ல அளந்தோ, அளவோட ஒத்துப் பாத்த மாடல் வச்சோ கணக்கு போடுவாங்க. ரொம்ப காலம் ஓடின ஐ.நா. முறைய, குறைச்ச வாயுவுக்குக் கிரெடிட் சான்று கொடுக்குற வெர்ரா அமைப்பு 2023-ல ஏத்துக்கறத நிறுத்திட்டு, 2025-ல நெல்லுக்குன்னே புது முறை கொண்டு வந்துச்சு. எந்த முறையா இருந்தாலும் ஆட்டம் காணுற இடம் பெட்டி இல்ல, அடிப்படைக் கணக்கு. முன்னாடி தண்ணி விடாமதான் நின்னுச்சுன்னு எழுதுறாங்களே, நிஜமாவே நின்னுச்சான்னு கேளுங்க. ஏற்கெனவே தண்ணி பத்தாம தானா காய்ஞ்ச வயல்னா அங்க குறைக்கறதுக்கே ஒன்னும் இல்ல.

பக்கத்து பக்கத்து வயல், ஒரே ரகம், ஒரே நாள் நடவு, மீத்தேன் மட்டும் மூனு மடங்கு வித்தியாசம். எது சரி?

ரெண்டும் சரியா இருக்கலாம். முதல்ல தாள பாருங்க: ஒன்னுல நடவுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி தாள மடக்கி உழுது, இன்னொன்னுல போன அறுவடை முடிஞ்சதுமே உழுது மக்க விட்டிருந்தா இதுவே போதும் அந்த வித்தியாசத்துக்கு. அப்புறம் நடவுக்கு முன்னாடி எத்தனை நாள் தண்ணி நின்னுச்சு, மேடு பள்ளம் எப்படி, ஒரு பெட்டி பள்ளத்துல உக்காந்திருக்கா. ஒரு வயலுக்கு ஒரே பெட்டின்னா பேசறதுக்கே ஒன்னும் இல்ல, குறைஞ்சது மூனு வைங்க, ஒரே வயலுக்குள்ளயே மூனும் எவ்வளவு விலகி நிக்குதுன்னு பாத்தப்புறம் வயலுக்கு வயல் ஒப்பிடுங்க.

இதெல்லாம் ஒத்துப்போயும் வித்தியாசம் நின்னா மண்ணுக்குப் போகலாம். நுண்ணுயிர் மூச்சுக்குப் பிடிச்சு மாத்தக்கூடிய இரும்பு அதிகம் இருக்கிற மண்ணுல, இல்ல அம்மோனியம் சல்பேட் மாதிரி சல்பேட் உரம் போட்ட வயல்ல, முதல் பதில்ல சொன்ன வரிசை மெதுவா நகரும், மீத்தேன் லேட்டா ஆரம்பிச்சு கம்மியா முடியும். அப்போ ரெண்டு வயலோட ஃப்ளக்ஸையும் நாள் வாரியா ஒரே கிராஃப்ல போட்டுப் பாருங்க. ஒன்னு லேட்டா கிளம்பியிருந்தா காரணம் மண்ணு. ரெண்டும் ஒரே நாள் கிளம்பி உயரம் மட்டும் வேற வேறன்னா, திரும்ப தாள், உரம், பெட்டி வச்ச இடம்னு அங்க போய் தேடுங்க.